ஒவ்வொரு ஃபைலாக

கூட வேலை பார்க்கிறவர் ஒருத்தர் மட்டும் ஆமை வேகத்தில் நகர்ந்தால் உங்களுக்குக் கோபம் வருமா, வராதா?

மேகலாவுக்கு வந்தது. டெல்லியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியின் டீம் லீடர் அவள். ஆயிரக்கணக்கான ஃபைல்களைக் கோத்து ஒரே சாஃப்ட்வேராக்குவதற்குப் பெயர் பில்டு. அதற்கு எல்லோருக்கும் பொதுவாக ஒரு பெரிய கம்ப்யூட்டர். அதில் மேகலாவின் பில்டு ஒரு மணி நேரத்தில் முடியும். புதிதாகச் சேர்ந்த ராஜவேலுக்கோ நாலு மணி நேரம்!

அவனை வேலையில் நிரந்தரமாக்கலாமா என்று அவள் இன்றைக்கு எழுதித் தர வேண்டும்.

"ராஜவேல், ஒரே நேரத்துல எத்தனை ஃபைல் ஓட்டுற?"

"ஒண்ணு, மேடம்."

"ஒண்ணா? நான் பதினாறு ஓட்டுறேன்! நீ பில்டைப் போட்டுட்டு ஆக்ராவுக்கே போய்ட்டு வரலாம் போல!"

சுற்றிலும் சிரிப்பு.

"மெமரி பத்தாது மேடம்..."

"சாக்கு வேண்டாம். பதினாறு போடு. ஜல்தி!"

போட்டான்.

பத்தே நிமிடம். மேகலாவின் பில்டு பட்டென்று நின்றது. திரும்பப் போட்டாள். திரும்ப நின்றது.

"பத்ரி சார்! மெஷின்ல என்ன கோளாறு?"

மெஷினைப் பார்த்துக்கொள்ளும் பத்ரி எழுந்து வந்தார். "கோளாறெல்லாம் இல்லம்மா. நாலு பாத்திரம் வைக்கிற அடுப்புல எட்டை ஏத்தினா என்ன ஆகும்? மெமரி நிரம்பினா, அதிகமா இடம் அடைக்கிற வேலையை மெஷினே நிறுத்திடும். அது உன்னோடது."

"முன்னாடி நின்னுச்சு, சரி. அப்புறம் இத்தனை நாள் நல்லா ஓடிச்சே?"

"அவன் ஒண்ணொண்ணா ஓட்டினான், உன்னோடது ஓடிச்சு. பதினாறு வேண்டாம், குறைச்சுக்கோன்னு உனக்கு எத்தனை மெயில் போட்டேன்! நீ திறந்துகூட பார்க்கலே. அவன் சேர்ந்த வாரமே வந்து கேட்டான், 'மேடம் பில்டு ஏன் சார் அடிக்கடி நிக்குது?'ன்னு. விஷயத்தைச் சொன்னேன். 'அவங்க மூணு மணிக்குக் குழந்தையைக் கூப்பிடப் போகணும், என்னோடது மெதுவா முடியட்டும்'னு தன்னோடதைக் குறைச்சுக்கிட்டான்."

மேகலாவுக்குக் காது மடல்வரை சூடேறியது. 'வேகம் போதாது' என்று திரையில் பாதி எழுதியிருந்ததை, யாரும் பார்ப்பதற்குள் அழித்தாள்.

எழுந்து ராஜவேலிடம் போனாள். கொஞ்ச நேரம் முன் சிரித்தவர்கள் எல்லோர் காதிலும் விழுகிற மாதிரியே கேட்டாள்:

"பதினாறைக் குறைக்க எங்கே மாத்தணும் ராஜவேல்? எனக்குக் கொஞ்சம் சொல்லிக் கொடேன்."