முயல் தோற்ற கதை

அமெரிக்கப் பழங்குடியினரான செரோக்கி மக்களின் திருவிழாவில், மேடைக்கு அடியில் ஒரு முயலும் ஓர் ஆமையும் ஒண்டியிருந்தன. மேடையில் டெல்லா என்ற பெண்மணி தன் இனத்தின் பழங்கதைகளைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அடுத்தது நம்ம பந்தயக் கதைதான்," என்று முயல் முணுமுணுத்தது. "உன்னை மாதிரியே இருக்கிற சொந்தக்காரங்களை மலைக்கு ஒருத்தரா நிக்கவெச்சு ஏமாத்தி ஜெயிச்சது நீ. சிரிப்பு மட்டும் என்னைப் பார்த்தா? வருஷா வருஷம் இதே மானக்கேடு!"

"அப்புறம் ஏன் வருஷா வருஷம் வர்றே?" என்றது ஆமை.

முயல் வாயைத் திறப்பதற்குள் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. விழாக்காரர் ஒருவர் மேடையேறி, மழை வரப்போகிறது, இத்தோடு முடித்துக்கொள்வோம் என்றார். கூட்டம் எழுந்தது.

"தப்பிச்சே போ," என்றது ஆமை.

முயலின் காதுகள் தொங்கிப்போயின. "அப்போ இந்த வருஷம் என் பேரை யாரும் சொல்லவே மாட்டாங்களா?"

முன்வரிசையில் ஒரு சிறுமி நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டு கத்தினாள்: "முயல் தோத்த கதை சொன்னாத்தான் வீட்டுக்கு வருவேன்!"

எழுந்தவர்கள் சிரித்துவிட்டு மறுபடியும் உட்கார்ந்தார்கள். டெல்லா குடையை விரித்துப் பிடித்தபடி ஆரம்பித்தார்.

"அந்தப் பொண்ணு நல்லா இருக்கணும்," என்றது முயல். அதற்குக் கண் கலங்கியிருந்தது.

ஆமை ஏதோ சொல்ல வாயெடுத்தது.

"உஷ், பேசாம இரு. நான் தோக்கப்போறேன்."