எடைப்பாய்

வாசலில் விரித்த எடைப்பாயில் குழந்தை நின்றால் விளக்கெரியும்; எடை குறைவென்றால் சிவப்பு, போதுமென்றால் பச்சை. அங்கன்வாடிக்குத் தகவலும் பாயிலிருந்தே போய்விடும். சிவப்பு எரிந்த வீட்டுக்கு மட்டும் அங்கன்வாடியிலிருந்து முட்டை வரும். பச்சை எரிந்தால் நின்றுவிடும்.

அங்கன்வாடி ஆசிரியை சகாயமேரி நான்கு மாதம் கழித்துச் செங்கல் சூளைக்கு வந்ததே, சிவப்பிலிருந்து பச்சைக்கு ஏறிய வைரக்கனிக்குப் பரிசுக் கவுன் கொடுக்கத்தான்.

"முட்டை நின்னு ஒரு மாசமாச்சு, டீச்சர். வெறுங்கஞ்சிதான் ஊத்துறேன். அதுக்கே கன்னம் எப்படி உப்பிப்போச்சு பாருங்க!" செல்லக்கிளி பூரித்துப்போய் மகளைத் தூக்கி நீட்டினாள்.

சகாயமேரி பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். இரண்டு வயதுப் பிள்ளை புதுக் கவுனைத் திரும்பியும் பார்க்கவில்லை. வேற்றாள் மடிக்கு வந்தும் அழவில்லை. அதன் புறங்காலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே கிடந்தது. பாய் இத்தனை நாளும் சதையென்று நிறுத்தது, சத்தில்லாமல் உடம்பில் கோத்துக்கொண்ட நீரை.

"கிளம்பு செல்லக்கிளி, ஆஸ்பத்திரிக்குப் போகணும். பிள்ளை இப்படி வீங்கிக் கிடக்கே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"வீக்கமா?" செல்லக்கிளியின் கை, மகள் கன்னத்தில் வைத்திருந்த திருஷ்டிப் பொட்டுக்குப் போனது. "தேறி வந்த பிள்ளைமேல கண்ணு பட்டுடுமேன்னு, யாருக்கும் காட்டாம பொத்திப் பொத்தி வெச்சிருந்தேனே, டீச்சர்!"