திமிலில் இருப்பது

“தண்ணிதான்! இதுல என்ன சந்தேகம்?” என்று மேசையை ஓங்கித் தட்டினார் என் காதலனின் அப்பா.

ஒட்டகத்தின் திமிலில் இருப்பது என்ன என்பது கேள்வி. கேட்டவர், வினாடி வினா நடக்கும் அந்த மதுக்கூடத்தின் உரிமையாளர். கையில் மைக் இருந்தும் தொண்டை கிழியக் கத்துகிற மனிதர்.

நான் கால்நடை மருத்துவர்.

நாக்கைக் கடித்துக்கொண்டேன். வாசலிலேயே அவன் சொல்லித்தான் உள்ளே அழைத்து வந்திருந்தான். “அப்பா என்ன சொன்னாலும் தலையாட்டிடு. திருத்த மட்டும் செய்யாதே, ப்ளீஸ்.”

அவனைத்தான் கட்டிக்கொள்வது என்று நான் முடிவு செய்து நாளாகிவிட்டது. அவன் வீட்டார் முடிவு செய்வதுதான் பாக்கி. என்னைப் பார்க்க வீட்டுக்கு அழைப்பார்கள் என்று நினைத்தால், வியாழக்கிழமை வினாடி வினாவுக்கு வரச் சொல்லிவிட்டார்கள். குடும்பத்தோடு ஒரு அணி. எனக்கும் ஒரு நாற்காலி.

நாங்கள் நுழைந்தபோதே, “வாங்க மேதாவி!” என்று யாரோ அப்பாவை வரவேற்றார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பா பெரிய மனிதர் மாதிரி கையசைத்தார். சிரிப்பின் காரணம் எனக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது.

எளிய கேள்விகளுக்குச் சரியாகத்தான் சொன்னார், சத்தமாக. கடினமான கேள்விகளுக்கு இன்னும் சத்தமாகத் தப்பாகச் சொன்னார். ஆஸ்திரேலியாவின் தலைநகர் சிட்னி என்றார். மிகச் சூடான கோள் புதன், ஏனென்றால் அதுதான் சூரியனுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று விளக்கம் வேறு.

அவனுடைய அம்மா வாயே திறக்கவில்லை. இடது கையால் விடைத்தாளுக்கு அணை போட்டு மறைத்தபடி பென்சிலால் எழுதிக்கொண்டே இருந்தார். பாவம், இந்தச் சத்தத்துக்குக் குமாஸ்தாவாகவே காலம் தள்ளியிருக்கிறார் என்று நினைத்தேன். கல்யாணத்துக்குப் பிறகு அவனும் அப்பாவைப் போல ஆகிவிடுவானோ என்ற பயமும் எட்டிப் பார்த்தது.

சிட்னியை விழுங்கினேன். புதனை விழுங்கினேன். ஒட்டகம் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

“தண்ணி இல்ல அங்கிள், கொழுப்பு! திமில் முழுக்கக் கொழுப்புதான்!”

நான் நினைத்ததைவிட என் குரலுக்கு வலு அதிகம். மாடுகளை அதட்டி அதட்டி வந்த வினை.

அவன் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். அம்மாவின் பென்சில் நின்றது. அப்பா என்னைப் பார்த்தார். முகத்தில் கோபமே இல்லை. கட்டிக்கொண்டிருந்த மணல்வீட்டை யாரோ மிதித்துவிட்ட குழந்தை மாதிரி இருந்தார்.

போச்சு. கல்யாணமே போச்சு என்று நினைத்தேன்.

என் முதுகுக்குப் பின்னால் ரப்பர் தேய்க்கும் சத்தம் கேட்டது.

திரும்பினேன். பின்மேசையில் ஒரே நிறச் சட்டையில் வீடு விற்கும் தரகர்கள். ஒருவர் எதையோ அவசர அவசரமாக அழித்துவிட்டு மாற்றி எழுதிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் கூரையில் என்னவோ இருப்பதுபோல அண்ணாந்து பார்த்தார்கள்.

அம்மா இடது கையைக் கொஞ்சம் விலக்கினார், எனக்கு மட்டும் தெரிகிற அளவுக்கு.

கான்பெரா. வெள்ளி. கொழுப்பு.

மூன்றும் அச்சடித்த மாதிரிக் கையெழுத்தில், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே எழுதப்பட்டிருந்தன.

“அவர் கத்துறது நமக்கு இல்லம்மா,” என்று என் காதோரம் சொன்னார். “நான் முணுமுணுத்தாக்கூட பின்னாடி இருக்கிறவங்க காதைத் தீட்டிட்டு எழுதிக்குவாங்க. நாலு சரியாச் சொல்லி ஒண்ணு தப்பாச் சொன்னாத்தான் நம்புவாங்களாம். இது இவரோட ஏற்பாடு.”

அப்பா கேட்காதவர் மாதிரி தன் கிளாஸை ஆராய்ந்துகொண்டிருந்தார். காது மட்டும் சிவந்துபோயிருந்தது.

நுழையும்போது கேட்ட அந்த ‘மேதாவி’ என் காதில் மறுபடியும் ஒலித்தது. மனைவியின் ஒரு வரி பதிலைக் காப்பாற்ற, ஊர் சிரிப்பை ஒவ்வொரு வியாழனும் சந்தோஷமாக வாங்கிக்கொள்கிற மனிதர். அவரை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. அவன் அவரைப் போல ஆனால் ஆகட்டுமே என்று தோன்றியது.

“கடைசிக் கேள்வி!” என்று உரிமையாளர் கத்தினார். ஆக்டோபஸுக்கு எத்தனை இதயம்?

அப்பா வழக்கம்போல வாயைத் திறந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

பின்னால் நாற்காலிகள் தரையில் உரசி நெருங்கி வந்தன. இனி அவர்கள் அவரை நம்பப் போவதில்லை. ஒட்டகத்தைத் திருத்திய என்னைத்தான் நம்புவார்கள்.

மேசையை ஓங்கித் தட்டினேன்.

“ஒண்ணுதான் மாமா! டாக்டர் சொல்றேன், இதுல என்ன சந்தேகம்?”

பின்மேசையில் பென்சில் ஓடும் சத்தம் கேட்டது.

அத்தை தாளுக்கு அணை போட்டு மறைத்துக்கொண்டு, மூன்று என்று எழுதினார்.