தலைக்கு உயரமாக ஒன்று

"வாசகரிடம் பேச்சுக் கொடுங்கள், அவருக்கான புத்தகம் தானாகத் தெரியும்" என்று பயிற்சியில் சொல்லி அனுப்பினார்கள். மதியம் மின்விசிறிக்கு அடியில் தூங்குவதற்காகவே நூலகத்துக்கு வரும் செங்கோடனிடம் போனேன்.

"எந்த மாதிரி புஸ்தகம் வேணுமுங்க?"

"தலைக்கு வெச்சுக்க ஒசரமா ஒண்ணு குடு அம்மிணி."

கூட வேலை பார்க்கும் கிளாடிஸ் சிரித்தாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. விடாமல் பேச்சுக் கொடுத்தேன். லாரி ஓட்டியவராம். மறுநாள், மலைப்பாதையில் பிரேக் பிடிக்காத லாரியோடு தொடங்கும் நாவலைத் திறந்தே அவர் முன்னால் வைத்தேன். சாயப்போன தலை பாதியில் நின்றது.

கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது. காற்றுக்காக வந்தவர்கள் எழுந்து வெளியே போனார்கள். செங்கோடன் வியர்வை சொட்டச் சொட்டப் பக்கத்தைத் திருப்பினார். கிளாடிஸ் என் தோளைத் தட்டி, மேசைக்கு அடியில் பார்க்கச் சொன்னாள். அவர் வலது கால் தரையை அழுத்தி அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தது.