செவ்வந்தியின் பின்னால்

"பொண்ணுகிட்ட என்னண்ணா குறை?"

"ஒரு குறையும் இல்ல, தர்ஷி."

"அப்புறம் ஏன் வேண்டாங்கற?"

"வேண்டாம். அவ்ளோதான். என்னை விட்ரு."

காலையில் அண்ணன் மாதவனோடு நடந்த இந்தப் பேச்சு, ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த பிரவுசிங் சென்டரின் படியேறும்போதும் தர்ஷினிக்குள் கொதித்துக்கொண்டிருந்தது. ராயக்கோட்டைப் பெண்வீட்டார் நிச்சயத்துக்கு நாள் குறித்த பிறகு தட்டிவிட்டான். இதோடு மூன்றாவது சம்பந்தம். அம்மா நேற்றிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடத் தொடவில்லை.

இதற்கெல்லாம் காரணம் யார் என்று தர்ஷினிக்குத் தெரியும். செவ்வந்தி.

ஃபேக்டரி போனஸில் மாதவன் வாங்கிப்போட்ட கம்ப்யூட்டரில்தான் அவள் குடியிருந்தாள். ஷிஃப்ட் முடிந்து வந்து குளித்தானோ இல்லையோ, ஒரு ஆன்லைன் கேமைத் திறந்துவிடுவான். கோட்டை, சந்தை, காடு என்று அவள் போகிற இடத்துக்கெல்லாம் இவனும் பின்னாலேயே போவான்.

கதவோரம் நின்று தர்ஷினி எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். தலைக்கு மேலே 'செவ்வந்தி' என்ற பெயரோடு, சிவப்பு உடையும் நீளப் பின்னலுமாக அந்த முதுகுதான் தெரியும். அந்த மகராசி ஒருநாளும் முகத்தைக் காட்டியதில்லை. எதிரே வருகிற வீரர்கள் எல்லாரும் அவளை 'சிஸ்டர், சிஸ்டர்' என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டு எழுதுவார்கள். அதைப் படித்துவிட்டு இவன் ஏன் இப்படிக் குழைந்து சிரிக்கிறான் என்று தர்ஷினிக்குப் பற்றிக்கொண்டு வரும். வீட்டில் ஒரு முறையாவது அப்படிச் சிரித்திருப்பானா?

"அந்த கேமுக்குப் புதுசுன்னா நார்மல் சர்வர் எடுத்துக்கங்கக்கா. அதான் ஈஸி" என்றாள் சென்டரைப் பார்த்துக்கொள்ளும் சுவேதா.

"வேற என்னெல்லாம் இருக்கு?"

"ஒருத்தரை ஒருத்தர் வெட்டிக்கிற சர்வர் ஒண்ணு இருக்கு."

"இன்னிக்கு எனக்கு அதுதான் தோதா இருக்கும். ஆனா எங்கண்ணன் ரோல்ப்ளேன்னு இருக்கறதைத்தான் அமுக்குவான்."

"ஐயோ, அது வேண்டாங்க்கா. நாடகம் மாதிரி பேசிக்கிட்டே இருப்பாங்க. அங்க நீங்க யாருன்னு சொல்றீங்களோ, அதான் நீங்க. நெஜத்துல யாருன்னு ஒருத்தரும் கேக்கக் கூடாது. கேட்டா கம்ப்ளெய்ண்ட் பண்ணி வெளிய தள்ளிருவாங்க."

"நான் கேக்கத்தான் வந்திருக்கேன். ஒரு குடும்பத்தைக் கெடுக்கறவ நெஜத்துல யாரு, எந்த வீட்டுப் பொண்ணுன்னு கேட்டுட்டுத்தான் போவேன். தள்ளுறவங்க தள்ளட்டும். அதையே போடு."

சுவேதா போட்டுக்கொடுத்தாள். பெயர், உடை, தலைமுடி என்று கேட்டதற்கெல்லாம் தர்ஷினி பார்க்காமலே ஏதோ ஒன்றை அமுக்கினாள். கடைசியில் திரையில் ஒரு புல்வெளி விரிந்தது. நட்டநடுவே மஞ்சள் உடையில் ஒருத்தி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"இவ யாரு வழியை மறிச்சுக்கிட்டு? இங்க ஒருத்திகூட முகத்தைக் காட்ட மாட்டாளா? நகரச் சொல்லு, நான் செவ்வந்தியைத் தேடணும்."

சுவேதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அக்கா, அது நீங்கதான். இந்த கேம்ல நம்ம முதுகைப் பாத்துக்கிட்டேதான் நாம போகணும்."

தர்ஷினி மௌஸை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள்.

ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வருவதற்குள் கோபம் இரண்டு மடங்காகியிருந்தது. இன்னொருத்தி என்றாலாவது ஒரு நியாயம் இருக்கும். ஒரு விளையாட்டுக்காகவா இத்தனை கூத்தும்?

அம்மா உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தர்ஷினி மாதவனின் அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினாள்.

"செவ்வந்தி நீதானா?"

நாற்காலி அசையவில்லை. திரையில் சந்தைக்கு நடுவே போய்க்கொண்டிருந்த சிவப்பு உடை மட்டும் சட்டென்று நின்றது.

"பேசுண்ணா. மாப்பிள்ளை மாதிரி போயி கேசரியும் பஜ்ஜியும் தின்னுட்டு, இங்க வந்து பொம்பளை வேஷம் கட்டிக்கிட்டு ஊரை ஏமாத்தறியா? இந்த விளையாட்டுக்காகவா அந்தப் பிள்ளையை அழவெச்ச? அம்மாவைப் பட்டினி போட்டிருக்க. வெக்கமா இல்ல உனக்கு?"

"அங்க நான் யாரையும் ஏமாத்தல, தர்ஷி." குரல் திரையைப் பார்த்தபடியே வந்தது. "இங்க ஏமாத்தக் கூடாதுன்னுதான் அந்தப் பொண்ணை வேண்டாம்னேன்."

"என்ன பேசற நீ? எனக்கு ஒண்ணும் புரியல."

மாதவன் மெல்ல நாற்காலியைத் திருப்பினான். பிறந்ததிலிருந்து பார்த்த முகம்தான். இன்றைக்குத்தான் முதல் தடவையாகத் தன் பக்கம் திரும்பியது போல அவளுக்குத் தோன்றியது. கண்கள் கலங்கியிருந்தன.

"கோச்சுக்காம, ஒரே ஒரு தடவை... என்னை அக்கான்னு கூப்பிடறியா?"