முதல் கோடு வரை

டியூபில் பாதி மருந்து அப்படியே இருந்தது.

டாக்டரம்மா அதை அழுத்திப் பார்த்தார். மூடியைத் திருகி உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டு மேசைமேல் வைத்தார். 

"பதினஞ்சு நாளுக்கு எழுதின டியூப் இது. இன்னியோட தீர்ந்திருக்கணும். யாரும்மா போடறது?"

சிவசங்கரி கணவனைப் பார்த்தாள். சிரஞ்சீவி தரையைப் பார்த்தான்.

மடியில் ஹரிதா. ஐந்து வயது. முழங்கை மடிப்பிலும் முழங்காலின் பின்பக்கமும் தோல் சிவந்து, சொறிந்து சொறிந்து நீர் கசிந்துகொண்டிருந்தது. நகரியிலிருந்து திருப்பதி வரும்வரை பஸ்ஸில் பிள்ளையின் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்திருந்தாள் சிவசங்கரி. ஒட்டுவாரொட்டியாக இருக்குமோ என்று பள்ளிக்கூடத்திலும் பிள்ளையைத் தனியாக உட்கார வைத்துவிட்டார்கள்.

போன முறையே டாக்டரம்மா படித்துப் படித்துச் சொல்லித்தான் அனுப்பினார். இது ஸ்டீராய்டு, பயப்படவும் வேண்டாம், விளையாடவும் வேண்டாம். தினம் ஒரு தடவை, சிவந்த இடத்தில் மட்டும், அளந்து போட வேண்டும். போடுகிறவரின் ஆள்காட்டி விரல்தான் அளவு. நுனியிலிருந்து முதல் மடிப்புக் கோடு வரை பிதுக்கினால் ஒரு விரல். நான்கு இடத்துக்கும் சேர்த்து இரண்டு விரல். கூடினாலும் தப்பு, குறைந்தாலும் தப்பு.

வீட்டுக்குப் போனதும் பக்கத்து வீட்டுச் சந்திரம்மா, ஸ்டீராய்டா, தோல் வெங்காயச் சருகாகிவிடுமே என்று கொளுத்திப் போட்டாள். அன்றிலிருந்து சிவசங்கரி டியூபைத் தொடவே பயந்தாள். "நான் போடறேன், வுடு" என்று சிரஞ்சீவிதான் வாங்கிக்கொண்டான். தறி ஷெட்டுக்குக் கிளம்புமுன், தினமும் காலையில், ஒரு நாள் தவறாமல்.

தவறாமல் என்றுதான் இவள் நம்பியிருந்தாள்.

இவனும் பயந்துவிட்டான். எனக்குத் தைரியம் சொல்லிவிட்டு, ஒரு நாள் போட்டு ஒரு நாள் விட்டிருக்கிறான். பிள்ளை பதினைந்து நாளாகச் சொறிந்து அழுததற்கு இந்த மனுஷன்தான் காரணம். நினைக்க நினைக்க அவளுக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது.

டாக்டரம்மா பேனாவை எடுத்தார். "ஒழுங்கா போட்டும் கேட்கலைன்னா, இதைவிட வீரியமானதுக்குத்தான் போகணும். நிஜத்தைச் சொல்லுங்க. இல்லைன்னா நான் தப்பா எழுதிடுவேன்."

இதைவிட வீரியமானது. இதற்கே பயந்தவள் அவள்.

"இன்னாய்யா, வாயத் தொறந்து சொல்லேன். போட்டியா இல்லியா?"

"தெனமும் போட்டேன்" என்றான் சிரஞ்சீவி. "ஏழுமலையான் சத்தியமா."

டாக்டரம்மா நம்பியதாகத் தெரியவில்லை. பேனா சீட்டில் ஓடத் தொடங்கி, பாதி வரியில் நின்றது. டியூபை அவன் பக்கம் தள்ளினார். "எப்படின்னு பிதுக்கிக் காட்டுங்க."

அவன் இடது கையால் டியூபை எடுத்தான். அதுவரை மடக்கியே வைத்திருந்த வலது கையை மெல்ல விரித்தான்.

தறியில் அறுந்த இழையை எடுத்து முடிகிற அதே கவனம். ஆள்காட்டி விரலின் முனையில் தொடங்கி, கோணாமல் இழுத்து, சரியாக முதல் கோட்டில் நிறுத்தினான். ஒரு நூல் கூடவில்லை, ஒரு நூல் குறையவில்லை.

டாக்டரம்மா அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனாவைக் கீழே வைத்தார்.

அப்போதுதான் சிவசங்கரியும் பார்த்தாள். தினமும் கண்ணில் பட்டுப் பட்டு, பார்க்கவே மறந்துபோன விரல். அதன் நுனியைப் பவர்லூம் நகத்தோடு கொண்டுபோய் மூன்று வருஷமாகிறது. கட்டைப் பிரித்துப் புண்ணைக் கழுவி மருந்து வைத்தவளே அவள்தான். முதல் கோட்டுக்கு மேலே மிச்சம் இருந்தது பாதிதான்.

"வெரல் முனைலேர்ந்து மொத கோடு வரைக்கும்னு சொன்னீங்க" என்றான் அவன், கையை இழுத்துக்கொள்ளாமல். "எனுக்கு அவ்ளோதாங்க கீது."



டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்த சீட்டைக் கிழித்துப் போட்டார். "இதே மருந்துதான். அம்மா விரல்ல அளந்து போடுங்க. ரெண்டு வாரம் கழிச்சுப் பார்ப்போம்."

சிவசங்கரிக்கு அவன் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் இன்றைக்கு இன்னும் மருந்து போட்டிருக்கவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் அவள் தன் ஆள்காட்டி விரலை அவன் முன்னால் நீட்டினாள். 

அவன் அதில் நுனியிலிருந்து முதல் கோடு வரை பிதுக்கினான். நீளமாகத்தான் இருந்தது. அதைத் தன் குட்டை விரலால் தொட்டெடுத்து, ஹரிதாவின் முழங்கை மடிப்பில் மெதுவாகப் பூசினான்.

பிள்ளை கையை இழுக்கவில்லை. நைனாவின் விரல் அதற்குப் பழக்கம்.