மூன்றாவது அறையின் ரசிகர்

“இன்னிக்கு நாலு மணிக்கு முன்னாடி உங்களை வெளியே விடறதா இல்லை சார்!”

மியூசியத்தின் மூன்றாவது அறைக் காவலாளி வாசலை மறித்தாற்போல் நின்று சிரித்தாள். ஓய்வுபெற்ற சர்வேயர் திரும்பிப் பார்க்கவில்லை. புதிதாக மாட்டியிருந்த படத்தின் எதிரே, கனமான புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அந்த அறை முழுக்க ஒரே ஓவியரின் படங்கள். அவர் வரைந்ததெல்லாம் தன் வீட்டைத்தான். சமையலறை, சாப்பாட்டு மேஜை, ஜன்னலோரம் மனைவி, அவள் மடியில் பூனை, பின்னால் தோட்டம். எல்லாம் கண்ணைப் பறிக்கும் மஞ்சளும் ஊதாவுமாக.

ஆறு வருஷமாகப் புதன்கிழமை தவறாமல் வருகிறார் சர்வேயர். யாரோடும் வந்ததில்லை. மதியம் வெளிப்படிக்கட்டில் உட்கார்ந்து ரொட்டி தின்பார். அவருடைய போன் அடித்துக் காவலாளி கேட்டதே இல்லை. ஓவியரைப் பற்றி வந்த அத்தனை புத்தகங்களும் அவரிடம் இருந்தன. வேறு ஊர் மியூசியங்களுக்கும் ரயிலேறிப் போய் வருவார்.

“புத்தகத்துலதான் எல்லாப் படமும் இருக்கே, எதுக்கு சார் இவ்வளவு அலைச்சல்?” என்று ஒருமுறை கேட்டாள்.

“அச்சுல மஞ்சள் செத்துப்போயிடுதும்மா. இங்க பாருங்க, அந்தச் சுவத்துல வெயில் அடிக்குது. கையை வச்சா சுடும்.”

“கையை மட்டும் வச்சிடாதீங்க, என் வேலை போயிடும்!”

மற்றவர்கள் நிறங்களைப் பார்த்து வாய்பிளந்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். இவர் படத்துக்குள்ளேயே குடியேறிவிடுவார். “வீடு மாத்திட்டாங்க, ஜன்னல் வேற” என்பார். “கோப்பை மூணாயிடுச்சு, குழந்தை பொறந்திருக்கு” என்பார். நிலம் அளந்த கண், சும்மா இருக்குமா என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

புதிய படத்தில், சிவப்பு விரிப்புப் போட்ட மேஜையில் மனைவி ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“இதுல என்ன சார் கண்டுபிடிச்சீங்க?”

“மணிக்கட்டுல கட்டு போட்டிருக்கு. எப்படி அடிபட்டுச்சோ.”

“அது வெறும் வெள்ளை பெயிண்ட் சார்!”

“இல்லம்மா. கட்டுதான்.”

அவர் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது. “போன வருஷம் வரைஞ்ச படம். இந்நேரம் ஆறியிருக்கும், விடுங்க.”

“ஆறியிருக்கும் இல்ல?” என்று அவர் திருப்பிக் கேட்டார்.

அவரைத் தேற்றுவதற்காகவே அவள் ரகசியத்தை உடைத்தாள். “சரி, சொல்லிடறேன். இந்தப் படத்தைப் பார்க்க இன்னிக்கு ஓவியரே வர்றார். உங்களைப் பத்தி டைரக்டர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன். பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கலாம்!”

புத்தகம் அவர் மடியிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

“தனியா வர்றாரா?”

“சம்சாரம், பையன் எல்லாரும்தான்.”

சர்வேயர் எழுந்தார். சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போட்டார். தலையைக் கையாலேயே வாரிக்கொண்டார். வாசலை நோக்கி இரண்டடி வைத்தவர், வெளியே கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் நின்றுவிட்டார்.

“பின்பக்கமா ஒரு வழி இருக்குமாம்மா?”

“என்ன சார் இது! இத்தனை வருஷம் தவம் கிடந்துட்டு, மனுஷன் வர்ற நேரத்துல ஓடறீங்களே? இவ்வளவு கூச்சமா உங்களுக்கு?”

மாடிப்படியில் காலடிகள் கேட்டன. கூடவே ஒரு பெண்ணின் சிரிப்பு. சர்வேயர் கண்களை மூடிக்கொண்டு, அது அடங்கும்வரை அசையாமல் கேட்டார்.

“எங்க எல்லாருக்கும் தெரியும், அவருக்கு உங்களைவிடப் பெரிய ரசிகர் கிடையாது” என்று காவலாளி அவர் கையைப் பிடித்தாள்.

“ரசிகன் இல்லம்மா” என்றார் சர்வேயர், கையை மெல்ல விடுவித்துக்கொண்டு. “அவரைக் கட்டிக்கிட்ட அன்னிக்கு, ‘இனிமே என் முகத்துலயே முழிக்காதே’ன்னு என் பொண்ணுகிட்ட சொன்னேன். இருபத்திரண்டு வருஷமா அவ என் பேச்சைத் தட்டலை.”